திட்டு விழாத கோடை

ஏரி நிலையத்தில் எல்லோருக்கும் ஒரு பதவி இருந்தது. ஒருவருக்கு மட்டும் ஓர் உறுப்பு இருந்தது. மேலதிகாரி முதல் கேன்டீன்காரர் வரை அவரை மூக்கு அண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். அலுவலகக் காகிதங்களின்படி அவர் 'சேறு மாதிரி சேகரிப்பாளர், முதல் நிலை'. இரண்டாம் நிலையில் யாருமே இல்லாததால், அந்த முதல் நிலையை எந்தப் போட்டியும் இல்லாமல் பல வருடங்களாகக் கட்டிக் காத்து வந்தார்.

மூக்கின் அளவைப் பார்த்து வைத்த பெயர் அல்ல அது. இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டிய அடக்கமான மூக்கு. கண்ணாடி போட்டால் நழுவும். ஆனால் ஊர் குடிக்கிற தண்ணீர் அந்த மூக்கைக் கேட்டுக்கொண்டுதான் குழாயில் வந்தது. ஒரு மூக்கு இதற்கு மேல் உயர முடியாது.

அவருடைய வேலை இதுதான். வாரத்துக்கு ஒருநாள் படகை ஓட்டிக்கொண்டு ஏரியின் நட்ட நடுவுக்குப் போவார். எடை கட்டிய கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் குழாயை அடிவரை இறக்கிச் சேற்றில் செருகுவார். மேலே இழுத்ததும் அடியில் ரப்பர் அடைப்பானைத் திணித்து, தூங்கிய பிள்ளையைத் தோளிலிருந்து தொட்டிலுக்கு மாற்றுகிற பதனத்தோடு கரைக்குக் கொண்டுவருவார். உள்ளே சேறும், சேற்றின் மேல் நின்ற தண்ணீரும் ஏரியில் இருந்தபடியே இருக்கும். குழாயின் பக்கவாட்டில் வரிசையாகத் துளைகள். டேப் ஒட்டி மூடியிருக்கும். ஒவ்வொன்றாகப் பிரித்து, ஊசிபோன்ற ஒரு வடிகுழலைச் செருகி, சேற்றுத் துகள்களின் சந்து பொந்துகளில் ஒளிந்திருக்கும் தண்ணீரை உறிஞ்சி எடுப்பார். இடுக்குத் தண்ணீர் என்று அதற்குப் பெயர். சேற்றின் மனசில் இருப்பதெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் இருக்கும். அது சின்னச் சின்னப் புட்டிகளில் தொலைவில் உள்ள பெரிய ஆய்வகத்துக்குப் போகும். அங்கே வரிசை நீளம். முடிவு வந்து சேர்வதற்குள் ஏரி வேறு ஏரியாகிவிட்டிருக்கும்.

ஆகையால் அவசரத்துக்கு மூக்கு. சேற்றைக் கீழிருந்து தள்ளி, மேல்தோலைக் கத்தியால் சீவி, கட்டைவிரலில் கொஞ்சம் தேய்த்து முகர்வார். பிறகு ஏரியோரக் கோபுரத்தில் இருக்கும் வால்வுக்காரத் தம்பிக்குப் போன் பண்ணுவார்.

"அண்ணே, மேலயா கீழயா?"

"கீழ."

அவ்வளவுதான். ஊருக்கு எந்தத் தண்ணீர் என்பது முடிவாகிவிடும்.

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. கோடையில் ஏரி என்பது படிக்கட்டை எடுத்துவிட்ட மாடிவீடு. மாடியில் வெதுவெதுப்பான தண்ணீர், கீழே குளிர்ந்த தண்ணீர். இரண்டுக்கும் போக்குவரத்து கிடையாது, பேச்சுவார்த்தையும் கிடையாது. மாடியில் பாசி பச்சையாக மண்டும். கீழே தண்ணீர் தெளிவாக, ஜில்லென்று இருக்கும். அதனால் ஊருக்குக் கீழ்த்தண்ணீர் கொடுப்பதுதான் மரியாதை. ஆனால் கீழ்வீட்டுச் சேற்றில் கண்ணுக்குத் தெரியாத கிருமிக் குடித்தனங்கள் ஆயிரம். மேலிருந்து செத்து விழுவதை எல்லாம் தின்பது அவற்றின் தொழில். தின்றதைச் செரிக்க முதலில் ஆக்சிஜனைச் செலவழிக்கும். படிக்கட்டு இல்லாததால் புதிதாகக் காற்று வராது. அது தீர்ந்தால் நைட்ரேட். அதுவும் தீர்ந்தால் மாங்கனீசு. அப்புறம் இரும்புத் துருவையே பிடித்துச் சுரண்டும். அலமாரியில் பிஸ்கட் தீர்ந்து டப்பாவை நக்குகிற கதை. சேற்றுக்கு மேல் பழுப்புத் தோலாகக் கிடந்த துரு கரைந்து இடுக்குத் தண்ணீருக்குள் போய்விடும். அது பிடித்து வைத்திருந்த பாஸ்பேட்டும், காவலர் தூங்கிவிட்ட லாக்கப் கைதி போல, வெளியே வந்துவிடும். கடைசியில் கிருமிகள் சல்பேட்டில் கை வைக்கும். அப்போது கிளம்பும் பாருங்கள், அழுகிய முட்டை நாற்றம்! முதலில் சேற்றில் வரும், சில நாள் கழித்துத் தண்ணீரில் வரும். சேற்றில் வந்தவுடனேயே வால்வை மேலே மாற்றிவிட்டால் ஊர் தப்பித்தது. பாசித் தண்ணீரைச் சுத்தம் பண்ணிக் குடிக்கலாம். முட்டைத் தண்ணீரை என்ன பண்ணுவது?

இப்படி ஊரையே காத்து வந்த மூக்கு, நான்கு வருடங்களுக்கு முன் ஒரு மழைக்காலச் சளியோடு சேர்ந்து போய்விட்டது. சளி போனது, இருமல் போனது, கூடவே வாசனையும் போனது. மனைவி கடைக்குப் போயிருந்த ஒருநாள் அடுப்பில் பால் தீய்ந்து வீடே நாறியபோது அண்ணன் அதன் பக்கத்தில் உட்கார்ந்து நிம்மதியாக நகம் வெட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். "வரலாம். வராமலும் போகலாம்" என்றார். இதைச் சொல்வதற்கு ஒரு படிப்பு இருக்கிறது.

வெளியே சொன்னால் என்ன ஆகும் என்று அண்ணனுக்குத் தெரியும். ஏரிக்கு உதவாதவர்களை எல்லாம் அனுப்புவதற்கென்றே நிலையத்தின் அடித்தளத்தில் 'புகார் பிரிவு' என்று ஓர் அறை இருந்தது. ஜன்னல் கிடையாது. ஒரு மேசை, ஒரு போன். முன்பு அங்கே இருந்தவர் ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் யார் கூப்பிட்டாலும் "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்றுதான் பதில் சொல்வாராம். காலையில் படகு ஏரியைக் கிழித்துக்கொண்டு போகும்போது முகத்தில் படுகிற காற்றை நினைத்துப் பார்த்தார் அண்ணன். மூக்கு போனதை யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவு பண்ணினார். மனைவியிடமும் சொல்லவில்லை. மனைவியிடம் சொன்னால் மனைவியின் தங்கைக்குத் தெரியும். தங்கைக்குத் தெரிந்தால் கெஜட்டில் வந்த மாதிரி.

சரி, ஏரியை யார் முகர்வது?

அந்தக் கேள்விக்குப் பதில் வீட்டிலேயே இருந்தது. அவர் மனைவி தையற்காரம்மா. முன்னறையில் மெஷின் போட்டு ஜன்னல் திரைகள் தைத்துக் கொடுப்பவர். அடுத்த தெருவில் தீப்பெட்டி உரசினால் இங்கே தும்முகிற மூக்கு அந்தம்மாவுக்கு. சேறு எடுத்த நாளில் வீட்டுக்கு வந்ததும் அந்தம்மா தருகிற வரவேற்பை அண்ணன் முதல்முறையாக விஞ்ஞானக் கண்ணோடு கவனித்தார். மூன்று படிகள் இருந்தன.

"முதல்ல கையைக் கழுவுங்க." இது முதல் படி. சேற்றில் லேசான மாற்றம், கவலை வேண்டாம்.

"அந்தச் சட்டையைக் கழட்டி வெளியில போடுங்க." இரண்டாம் படி. வால்வை மாற்ற வேண்டிய நேரம்.

"நீங்களே வெளியில நில்லுங்க! மனுசி இருக்கிற வீடா என்ன இது?" மூன்றாம் படி. ஏரியின் அடியில் ஆக்சிஜன் என்ற பேச்சுக்கே இடமில்லை.

எதுவும் சொல்லாவிட்டால் பூஜ்யம். குளிர்காலம் முழுவதும் பூஜ்யம்தான்.

இவ்வளவு துல்லியமான கருவி நிலையத்தில்கூட இல்லை. அண்ணன் தன் வேலைமுறையைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டார். சேற்றைச் சீவிய கையைக் கழுவாமல், சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, சைக்கிளை மிதித்து நேரே வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் போய் நிற்பார். மனைவியின் முகத்தையே பார்ப்பார். திட்டு விழும். மனசில் குறித்துக்கொண்டு குளிக்கப் போய்விடுவார். மறுநாள் காலையில் வால்வுக்காரத் தம்பிக்குப் போன்.

"என்னண்ணே, முன்னெல்லாம் எடுத்த கையோட சொல்லிடுவீங்க. இப்பல்லாம் மறுநாள் ஆவுதே?"

"சின்ன வயசுல அவசரம் இருக்கும் தம்பி. நாத்தத்தை ஒரு ராத்திரி ஊற வச்சுத்தான் முடிவெடுக்கணும்."

அண்ணனுக்கு வயதோடு நிதானமும் வந்துவிட்டது என்று நிலையத்தில் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள்.

மூன்று கோடைகள் இப்படி முத்துப்போலப் போயின. மூன்றாவது கோடையின் கடைசியில், மூன்றாம் படி உச்சத்தில் இருந்த ஒரு மாலை, தையற்காரம்மாவின் தங்கை வீட்டுக்கு வந்திருந்தாள். அண்ணன் வந்தார், நின்றார், பார்த்தார், வெளியே விரட்டப்பட்டார். குழாயடியில் அவர் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டதும் தங்கை ஆரம்பித்தாள்.

"அக்கா, உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா? எங்க வீட்டுக்காரர் வந்ததும் வராததுமா டிவி ரிமோட்டைத்தான் தேடுவார். நான் வீட்டுல இருக்கேனா, ஓடிப்போயிட்டேனான்னு சாப்பிடும்போதுதான் ஞாபகம் வரும். மாமா செருப்பைக்கூடக் கழட்டாம உன்கிட்ட ஓடி வர்றார். நீ என்னடான்னா நாயை விரட்டுற மாதிரி விரட்டுற."

"நாத்தம் குடலைப் புடுங்குதுடி."

"புடுங்கட்டுமே. ஆசையா வர்ற நாத்தம்தானே! அவர் உன் மூஞ்சியையே எப்படிப் பாக்குறார்னு கவனிச்சியா? கல்யாண போட்டோவுலகூட அப்படிப் பாக்கல."

தையற்காரம்மா கவனித்திருந்தார். மூன்றாண்டு முன்பு வரை நேரே குளிக்கப் போய்க்கொண்டிருந்த மனுஷன், திடீரென்று இப்படி முதலில் தன்னிடம் வந்து நிற்பதை வெளியே சொல்லாவிட்டாலும் உள்ளுக்குள் மடித்து வைத்திருந்தார். தங்கை சொன்னது குளிர்காலம் முழுவதும் சேற்றில் துரு படிகிற மாதிரி அந்தம்மாவின் மனசில் படிந்தது. அடுத்த கோடையில் என்ன நாறினாலும் ஒரு வார்த்தை சொல்வதில்லை என்று தீர்மானம் பண்ணிக்கொண்டார்.

ஆக, அடுத்த கோடை வந்தது. ஏரி படிக்கட்டை எடுத்துவிட்டது. அண்ணன் சேற்றோடு வந்து நின்றார்.

"வந்துட்டீங்களா? உக்காருங்க, டீ போடுறேன்."

பூஜ்யம்! அண்ணன் பூரித்துப்போனார். "தம்பி, கீழயே இருக்கட்டும்" என்று மறுநாள் காலை போன் பண்ணினார்.

அடுத்த வாரமும் டீ. அதற்கடுத்த வாரம் டீயோடு ஒரு புன்னகை. தையற்காரம்மா எலுமிச்சைத் தோலைக் கசக்கி மேலுதட்டில் தடவிக்கொண்டதும், ஜன்னல்கள் அத்தனையும் திறந்திருந்ததும், புன்னகைக்கிடையில் கண்களில் நீர் திரண்டதும் அண்ணனுக்கு அளவுகோலில் இல்லாத விவரங்கள். கண்ணீரைப் பார்த்து, 'எவ்வளவு பாசம்' என்று நினைத்தார். அது ஓரளவு சரியும்கூட.

குழாய்க்குள் சேற்றின் பழுப்புத் தோல் மறைந்து, மை ஊற்றிய மாதிரி கறுத்திருந்தது அவர் கண்ணில் படாமல் இல்லை. பட்டது. ஆனால் மனைவி ஒன்று சொல்லிக் கண் வேறொன்று சொன்னால், கண்ணைத்தான் துடைத்துக்கொள்ள வேண்டும் என்பது குடும்பஸ்தனின் பாலபாடம். துடைத்துக்கொண்டார்.

நிலையத்தின் தலைமை வேதியியலாளரான மேடத்துக்கு லேசான சந்தேகம். "இந்நேரம் வருஷா வருஷம் மேல் வால்வுக்கு மாத்திடுவோமே. ஆய்வக முடிவும் இன்னும் வரல. நிச்சயமா நாத்தம் இல்லையா?"

"மேடம், இந்த மூக்கு பொய் சொல்லாது" என்றார் அண்ணன். அது உண்மை. அந்த மூக்கு எதையுமே சொல்லாது.

மேலிடத்துக்குச் செய்தி போயிற்று. ஏரி திருந்திவிட்டது என்று மேலிடம் மகிழ்ந்து, 'நம் ஏரி, தூய ஏரி' என்று கரையில் ஒரு பலகை நட்டது. பலகைக்கு அடித்த பெயின்ட் காயும் முன்பே ஊர்க் குழாய்கள் பேச ஆரம்பித்தன.

அன்று காலை பல் துலக்கப் போனவர்கள் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்கள். தண்ணீர் பிடித்த வாளியில் முதலில் பளிங்குபோலத் தெரிந்தது. சற்றுநேரம் காற்றுப் பட்டதும் கரைந்திருந்த இரும்பெல்லாம் மறுபடி துருவாகி, தேநீர் நிறத்துக்கு வந்தது. தையற்காரம்மா ஒரு வாடிக்கையாளருக்காக வெள்ளைத் திரைகளை இரவே ஊறப்போட்டிருந்தார். காலையில் அவை வெள்ளையாக இல்லை. பட்டியலில் உள்ள எந்த நிறமாகவும் இல்லை.

அண்ணன் கொட்டாவி விட்டுக்கொண்டே வந்தார். "என்ன, காலையிலேயே இப்படி நிக்குற?"

"தண்ணி நாறுது."

"எப்படி நாறுது?"

"எப்படியா? உங்க மேல வருமே, அதே நாத்தம்! கோடை ஆரம்பிச்சதுல இருந்து உங்க மேல வந்துக்கிட்டே இருக்கே, அதே!"

அண்ணனின் கொட்டாவி பாதியில் நின்றது. "ஆரம்பத்துல இருந்தா? பின்ன ஏன் நீ ஒண்ணும் சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். ஆசையா வர்ற மனுசனை விரட்டுறேன்னு தங்கச்சி சொன்னாளேன்னு..."

"ஐயோ, என்ன காரியம் பண்ணிட்ட! நீ சொன்னாத்தானே எனக்குத் தெரியும்!"

வாயிலிருந்து வந்துவிட்டது. தையற்காரம்மா ஈரத் திரையைக் கையில் பிடித்தபடி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார். அண்ணன் ஒவ்வொரு உண்மையாகக் கக்கினார்.

"அப்போ நாலு வருஷமா என் பக்கத்துல வந்து நின்னதெல்லாம் இதுக்குத்தானா? நான் மீட்டரா?"

"அப்படி இல்லம்மா..."

"சமையல் நல்லா மணக்குதுன்னு தினம் சொன்னீங்களே, அது?"

அண்ணன் யோசித்தார். "அது... ஒரு நம்பிக்கைதான்."

இந்தப் பதிலுக்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சு நின்றது. கோடைக்கால ஏரி மாதிரி, மாடி வேறு கீழ்வீடு வேறு.

மேடம் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் மூடிய இரண்டு புட்டிகள். ஒன்று நல்ல தண்ணீர், ஒன்று குழாய்த் தண்ணீர். "எது எதுன்னு சொல்லுங்க" என்றார்.

அண்ணன் முதல் புட்டியைத் திறந்து மூக்கருகே வைத்துக்கொண்டு, நான்கு வருடப் பழக்கத்தில், மேடத்தின் முகத்தை உற்றுப் பார்த்தார். இரண்டாவதைத் திறந்தார். மறுபடியும் முகத்தையே பார்த்தார்.

"புட்டியைப் பாருங்க. என் மூஞ்சியை ஏன் பாக்குறீங்க?" என்றார் மேடம். அவர் மூக்கில் பஞ்சு வைத்திருந்தார். அந்த முகத்தில் ஏரியின் நிலவரம் எதுவும் இல்லை.

"தெரியல மேடம்" என்றார் அண்ணன். நான்கு வருடத்தில் அலுவலகத்தில் அவர் தன் மூக்கை வைத்தே சொன்ன முதல் சரியான நாற்ற அறிக்கை அதுதான்.

மறுநாள் அவர் புகார் பிரிவில் உட்கார்ந்திருந்தார். வால்வை மேலே மாற்றியும் குழாய்களில் தேங்கிய நாற்றம் தீரும்வரை ஊரே திரண்டு அங்கேதான் வந்தது. ஆளுக்கொரு புட்டி கொண்டுவந்து, மூடியைத் திறந்து, அவர் மூக்குக்கு நேரே நீட்டினார்கள்.

"மோந்து பாருங்க சார்! இதை மனுசன் குடிப்பானா?"

அண்ணன் கண்ணை மூடி, மூச்சை நன்றாக உள்ளே இழுத்து, முகத்தைச் சுளித்து, "கொடுமை, கொடுமை" என்பார். வந்தவர்கள் பாதிக் கோபம் தணிந்து போனார்கள். அலுவலகத்தில் தங்களோடு சேர்ந்து கஷ்டப்படுகிற ஒரே ஆள் அவர்தான் என்று ஊரில் நல்ல பெயர் வந்தது. நாள் முழுக்கச் சளைக்காமல் முகரக்கூடிய ஆள் அந்த ஊரில் வேறு யாரும் இல்லை என்பதும் நிஜம்.

ஏரிக்குப் புது ஆள் வந்தார். வாசனைத் திரவியக் கடையில் வேலை பார்த்தவர். நேர்முகத் தேர்வில் மேடத்தின் டிபன் பாக்ஸைத் திறக்காமலே உள்ளே இருப்பதைச் சொன்னவர். அப்படிப்பட்ட மூக்கை வைத்துக்கொண்டு அவர் சேற்றைச் சீவினார். சீவிய வேகத்தில் குழாய்க்குள்ளேயே வாந்தி எடுத்தார். அந்த வார இடுக்குத் தண்ணீரில் இருந்தது ஏரியின் வேதியியலா, அவருடைய காலை உணவா என்று ஆய்வகம் கேட்டு எழுதியது. இரண்டாவது வாரம் படகிலேயே மயங்கினார். மூன்றாவது வாரம் கடைக்கே திரும்பிவிட்டார்.

மேடம் அடித்தளத்துக்கு இறங்கி வந்தார்.

"யோசிச்சுப் பாத்தேன். இந்த வேலைக்கு மூக்கு இருக்கிறதுதான் தடை. நாளையில இருந்து நீங்களே ஏரிக்குப் போங்க. ஆனா மோந்து பாக்குற வேலை உங்களுக்கில்ல. சேத்தை ஒரு புட்டியில மூடிக் குடுத்து விடுங்க, இங்க ஆபீஸ்ல நாங்க மூணு பேரா மாத்தி மாத்தி மோந்து பாத்துக்குறோம்."

"சரி மேடம்."

"வீட்டம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க. நீங்க எல்லாத்தையும் சொன்னதும் அவங்களைத்தான் சேத்துக்கலாம்னு இருந்தேன். போன் பண்ணேன். நான் தைக்கிறவ, மோக்குறவ இல்லன்னு வச்சுட்டாங்க."

ஏரி திரும்பக் கிடைத்தது. வீடு கிடைக்கவில்லை. டீ நேரத்துக்கு வந்தது, சாப்பாடு நேரத்துக்கு வந்தது. வார்த்தை மட்டும் வரவில்லை. அண்ணன் இப்போதெல்லாம் வேலை முடிந்ததும் குழாயடிக்குப் போய்க் கைகால் கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு பின்பக்கமாக வீட்டுக்குள் நுழைந்தார். மெஷின் பக்கம் போக அவருக்கு இனி எந்த அலுவலகக் காரணமும் இல்லை.

குளிர்காலத்தின் முதல் பெருங்காற்று அடித்தது. மேல்தண்ணீர் ஆறிக் கனத்து, காற்று அதைப் பிடித்துக் கீழே தள்ள, மாடியும் கீழ்வீடும் ஒன்றாகப் புரண்டன. வானத்துக் காற்று அடிச்சேறு வரை போயிற்று. அண்ணன் அன்று இழுத்த குழாயில், கறுப்புச் சேற்றின் மேல் மெல்லிய பழுப்புத் தோல் ஒன்று புதிதாகப் படர்ந்திருந்தது. கரைந்து அலைந்த இரும்பெல்லாம் துருவாகித் திரும்பி வந்து, பாஸ்பேட்டைப் பிடித்து உட்காரவைத்துக்கொண்டிருந்தது. வெயிலில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் அதைப் பார்த்தார். முகர வேண்டிய தேவையே இல்லை, நிறமே சொல்லிற்று.

குழாயடிக்குப் போகவில்லை. சைக்கிளை மிதித்து நேரே வீட்டுக்கு வந்தார். செருப்போடு முன்னறைக்குள் நுழைந்து, தையல் மெஷினுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

மெஷின் நின்றது. தையற்காரம்மா நிமிராமலே நூலை அறுத்தார்.

"இன்னைக்கு ஒண்ணும் நாறல. ஏரி புரண்டாச்சு போல."

"தெரியும். நிறத்துலயே தெரிஞ்சுது."

"அதான் தெரிஞ்சுதே. அப்புறம் எதுக்கு இங்க வந்து நிக்குறீங்க?"

அண்ணன் அங்கேயே நின்றார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். இந்தமுறை அளப்பதற்கு அதில் எதுவும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். அப்படியும் பார்த்துக்கொண்டே நின்றார்.

"முதல்ல கையைக் கழுவுங்க" என்றார் தையற்காரம்மா.

அளவுகோலின்படி அது முதல் படி. ஏரியிலோ அன்று ஒரு துளி நாற்றம் இல்லை. அண்ணன் சந்தோஷமாகக் கை கழுவப் போனார்.